ஜெர்சியின் நெஞ்சில் யார் பெயர்? புதுச் சட்டை வந்ததும் ரசிகர்கள் ஏன் கொதிக்கிறார்கள்

2025 செப்டம்பரில் ஆசியக் கோப்பை கிரிக்கெட் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். இந்திய அணியின் சட்டையில், நெஞ்சுக்கு நடுவே நாட்டின் பெயர் மட்டும்தான் இருந்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அதுவரை ஸ்பான்சராக இருந்த ட்ரீம்11 விலகிக்கொண்டது. அடுத்த ஆள் வருவதற்குள் போட்டி தொடங்கிவிட்டது. பாளையங்கோட்டை டீக்கடைகளில் மேட்ச் பார்த்தவர்கள் பலர் சொன்ன பேச்சு ஒன்றுதான்: "இப்பதான்யா சட்டை பாக்க அம்சமா இருக்கு." போட்டி முடிவதற்குள்ளேயே அப்போலோ டயர்ஸ் புது ஸ்பான்சர் என்ற அறிவிப்பும் வந்துவிட்டது.

அந்தக் காலி நெஞ்சு நமக்கு ஏன் பிடித்தது? விளம்பரம் என்றால் நமக்கு ஆகாதா? ஆகாமல் இல்லை. மைதானத்தைச் சுற்றி நூறு பலகை இருந்தாலும் கண்டுகொள்ளாமல்தான் மேட்ச் பார்க்கிறோம். சட்டை என்று வரும்போது மட்டும் மனசு வேறு மாதிரி வேலை செய்கிறது. கால்பந்தில் இது இன்னும் கடுமை. ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலையில் ஐரோப்பிய கிளப்கள் அடுத்த பருவத்துக்கான ஜெர்சியை வெளியிடும். அன்றைக்கே சண்டை ஆரம்பிக்கும். அந்தச் சண்டை எதைப் பற்றியது, பின்னால் இருக்கும் கணக்கு என்ன என்று, கால்பந்தை இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கும் ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதுகிறேன்.

ஒரு சட்டை, மூன்று அடையாளம்

பெரும்பாலான கிளப் ஜெர்சிகளின் முன்பக்கம் குறைந்தது மூன்று அடையாளம் இருக்கும். ஒன்று கிளப்பின் சின்னம், பெரும்பாலும் இடது நெஞ்சில், இதயத்துக்கு மேலே. இரண்டாவது சட்டையைத் தயாரித்துக் கொடுத்த நிறுவனத்தின் குறி: அடிடாஸ், நைக்கி, பூமா இந்த மாதிரி. மூன்றாவது நடுவில் பெரிய எழுத்தில் இருப்பது. அதுதான் முதன்மை ஸ்பான்சர். புதிதாகப் பார்ப்பவர்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். இரண்டும் தனித்தனி ஒப்பந்தம், தனித்தனிப் பணம். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு அடிடாஸ் 2015-லிருந்து பத்து வருஷத்துக்கு 75 கோடி பவுண்டு தர ஒத்துக்கொண்டது. அதே சட்டையின் நடுவில் பெயர் போட செவர்லே கார் நிறுவனம் 2014-லிருந்து ஏழு வருஷத்துக்கு ஏறத்தாழ 56 கோடி டாலர் தந்தது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 2017-18 முதல் சட்டைக் கையிலும் ஒரு ஸ்பான்சருக்கு இடம் உண்டு. அது மூன்றாவது ஒப்பந்தம்.

கால்பந்தில் நாட்டு அணிகளுக்கு இந்தப் பேச்சே இல்லை. உலகக் கோப்பை ஆட்டச் சட்டையில் ஸ்பான்சர் பெயர் போட ஃபிஃபா விடுவதில்லை. தயாரித்தவரின் குறி மட்டும் இருக்கலாம். உலகக் கோப்பை வந்தால் உவரி, இடிந்தகரை பக்கம் பிள்ளைகள் போட்டுக்கொண்டு திரியும் அர்ஜென்டினா, பிரேசில் சட்டைகள் அவ்வளவு துப்புரவாகத் தெரிவது அதனால்தான்.

செவர்லே கதையில் ஒரு விஷயத்தை விட்டுவிடக் கூடாது. 2013 டிசம்பரில் அதன் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், ஐரோப்பாவில் செவர்லே விற்பதை ஏறக்குறைய முழுதாகவே நிறுத்தப்போவதாக அறிவித்தது. அடுத்த வருஷம் யுனைடெட் அந்தப் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு களத்தில் இறங்கியது. மான்செஸ்டரில் தலைமுறை தலைமுறையாக அந்த கிளப்பைப் பின்தொடர்பவன், தன் ஊரில் விற்காத ஒரு காரின் பெயரைச் சுமந்தான். அப்படியானால் அந்தப் பணம் யாருக்காகக் கொடுக்கப்பட்டது? அமெரிக்காவிலும் ஆசியாவிலும் டிவி முன்னால் இருப்பவர்களுக்காக. ராத்திரி கண் முழித்து மேட்ச் பார்க்கும் கூத்தங்குழிப் பையனும் அந்த விலைக்குள் இருக்கிறான். இதைப் புரிந்துகொண்டால் உள்ளூர் ரசிகனின் எரிச்சல் பாதி புரிந்துவிடும். சட்டை அவனுடையது, அதில் எழுதியிருப்பது வேறு யாருக்கோ.

மானும் 'டி' எழுத்தும்

சட்டையில் விளம்பரம் சர்வ சாதாரணமாகிவிட்ட இன்று, ஒரு காலத்தில் அதற்குத் தடை இருந்தது என்றால் நம்புவது கஷ்டம். அந்தத் தடையை உடைத்த இரண்டு கதைகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது ஜெர்மனியில், 1973-ல். பிரவுன்ஷ்வைக் நகரத்து ஐன்ட்ராக்ட் கிளப்புக்குப் பணம் தர யேகர்மைஸ்டர் என்ற மது நிறுவனத்தின் முதலாளி குன்டர் மாஸ்ட் முன்வந்தார். சட்டையில் விளம்பரம் கூடாது என்றது ஜெர்மன் கால்பந்து சங்கம். சரி, கிளப்பின் சின்னம் இருக்கலாம் அல்லவா? கிளப் தன் சின்னத்தையே மாற்றியது. அதுவரை இருந்த சிங்கம் போய், மது பாட்டிலில் இருக்கும் மான் தலை வந்தது. 1973 மார்ச்சில் அந்த மானை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். சங்கத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதே வருஷத்துக்குள் சட்டை விளம்பரத்துக்கு ஜெர்மனியில் அனுமதி கிடைத்துவிட்டது. பணத்துக்காக ஒரு கிளப் தன் சொந்தச் சின்னத்தையே கொடுத்தது என்பதுதான் இதில் என்னை உறுத்துவது.

இரண்டாவது இங்கிலாந்தில், 1976 ஜனவரியில். கெட்டரிங் டவுன் என்ற சின்ன கிளப். அதை அப்போது நடத்தியவர் டெரெக் டூகன். அவர் உள்ளூர் டயர் கடை ஒன்றிடம் பணம் வாங்கி, 'கெட்டரிங் டயர்ஸ்' என்று சட்டையில் அச்சடித்தார். எடுக்கச் சொன்னது கால்பந்து சங்கம். அவர் 'டயர்ஸ்' என்ற சொல்லில் முதல் எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்தார். "டி என்றால் டவுன்" என்று வாதாடினார். சங்கம் விடவில்லை. ஆயிரம் பவுண்டு அபராதம் என்று மிரட்டியதும் அந்த ஓர் எழுத்தும் போனது. ஆனால் அடுத்த வருஷமே, 1977-ல், சங்கம் விளம்பரத்தை அனுமதித்தது. 1979-ல் லிவர்பூல் ஹிட்டாச்சி பெயரைப் போட்டது. அதற்குப் பிறகும் டிவியில் காட்டும் ஆட்டங்களில் அந்தப் பெயர் இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு 1983 வரை நீடித்தது.

இரண்டு கதையிலும் தடுத்தது சங்கம்தான். ரசிகர்கள் எதிர்க்க ஆரம்பித்தது பிற்பாடு. காரணம் எளிது. அந்தக் காலத்தில் ரசிகர்கள் கிளப் ஜெர்சியை விலைக்கு வாங்கி உடுத்துவது இன்றைய அளவுக்கு இல்லை, கழுத்தில் ஒரு துண்டு, தலையில் ஒரு தொப்பி, அவ்வளவுதான். பிறகு ஜெர்சி கடைக்கு வந்தது. ரசிகன் காசு கொடுத்து வாங்கித் தன் உடம்பில் போட்டான். அந்த நாளிலிருந்து நெஞ்சில் இருக்கும் பெயர் ஆட்டக்காரனுடைய விஷயம் மட்டுமாக இல்லை.

நம் கோயில்களில் உபயம் எழுதுவதை எடுத்துக்கொள்ளுங்கள். குத்துவிளக்கிலும் மின்விசிறியிலும் படிக்கல்லிலும் கொடுத்தவர் பெயரை வெட்டியிருப்பார்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை. கொடுத்தவருக்கு அந்த மரியாதை உண்டு. ஆனால் எவ்வளவு பெரிய தர்மகர்த்தாவானாலும் சாமியின் மார்பில் தன் பெயரை வெட்ட முடியாது. மைதானத்துப் பலகை விளக்குத் தண்டு. ஜெர்சியின் நெஞ்சை ரசிகன் சாமியின் மார்பாகப் பார்க்கிறான். அங்கே ஒரு பெயர் வரப்போகிறது என்றால் அது என்ன பெயர், எவ்வளவு பெரிசு, என்ன நிறம், எங்கிருந்து வந்த காசு என்று அவன் கேட்கத்தான் செய்வான்.

முதல் கோபம் கண்ணுக்கு

புது ஜெர்சி வந்ததும் முதலில் கிளம்பும் கோபம் அழகு பற்றியது. சட்டையின் நிறத்தோடு சேராமல் தனி நிறத்தில் ஒரு கட்டம் ஒட்டினாற்போல் லோகோ இருந்தால் அதற்குத்தான் முதல் வசவு. லோகோவைச் சட்டையில் ஏற்கெனவே இருக்கும் நிறங்களில் ஒன்றிலேயே, கட்டமில்லாமல், எழுத்தாக மட்டும் அச்சடித்தால் ரசிகர்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள். யுனைடெட்டின் சிவப்புச் சட்டையில் செவர்லேயின் தங்க நிறக் குறியைப் பலருக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை. சின்னத்தை நிறம் மாற்றித் தர நிறுவனங்கள் லேசில் சம்மதிப்பதில்லை. கோடி கோடியாகக் கொடுப்பதே அந்த நிறத்தோடு சேர்த்துக் கண்ணில் பதியத்தான்.

நிறத்தில் பகையும் சேர்ந்துவிட்டால் அவ்வளவுதான். பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரி நகரத்தில் கிரெமியோ, இன்டர்நேசியோனல் என்று இரண்டு கிளப். இன்டர்நேசியோனலின் நிறம் சிவப்பு. 1987-ல் கோகோ கோலா பிரேசில் கிளப்களின் சட்டையில் வந்தபோது கிரெமியோ சட்டையில் அந்த லோகோ சிவப்பில்லாமல் வந்தது. உலகம் முழுக்க ஒரே நிறத்தில் தன்னைக் காட்டும் நிறுவனம், ஒரு நகரத்து ரசிகர்களுக்காக அதை விட்டுக்கொடுத்தது.

இதெல்லாம் கோடிகள் புரளும் இடத்துச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் கோயில் திருவிழாவையொட்டி கால்பந்துப் போட்டி நடக்கும், உள்ளூர்களில் கொடையையொட்டி கபடி நடக்கும். ஜெர்சி எடுக்க அணியிடம் காசு இருக்காது. கப்பலுக்குப் போன அண்ணன் ஒருவர் தருவார், இல்லையென்றால் கடைக்கார அண்ணாச்சி தருவார். அப்படி ஓர் அணிக்கு ஜெர்சி டிசைன் போனில் வந்தபோது நான் கூட இருந்தேன். பச்சைச் சட்டை, மஞ்சள் எழுத்து. நெஞ்சு முழுக்க அண்ணாச்சியின் கடைப் பெயர், அதற்குக் கீழே வயிறு அகலத்துக்கு அவருடைய போன் நம்பர். ஊர்ப் பெயரைத் தேடினால், காலருக்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. பையன்கள் போனைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள், ஒருத்தனும் பேசவில்லை. கடைசியில் கோல்கீப்பர்தான் கடைக்குப் போய் நேரே கேட்டான்.

"அண்ணாச்சி, ஊர்ப் பேரு நெஞ்சில வரட்டும். உங்க கடைப் பேரு அதுக்குக் கீழ வரட்டும்."

"ஏல, துட்டு நான்லா குடுக்கேன்?"

"நீங்கதான் குடுக்கீங்க அண்ணாச்சி. ஆனா ஜெயிச்சா ஊருதான ஜெயிச்சதும்பாவ. கடை ஜெயிச்சதும்பாவளா?"

அண்ணாச்சி கொஞ்ச நேரம் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, ஊர்ப் பேரு மேல போடு. போன் நம்பர எங்கயாவது போட்டுரணும்டே" என்றார். நம்பர் முதுகுப் பக்கம், ஆட்ட எண்ணுக்குக் கீழே போனது. பெரிய கிளப்களும் அந்த இடத்தை விற்கத்தான் செய்கின்றன. அந்தச் சட்டையைப் பையன்கள் போட்டிக்குப் பிறகும் உடுத்திக்கொண்டு திரிந்தார்கள். அண்ணாச்சிக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது.

அந்தப் பையன் கேட்டதைத்தான் பெரிய கிளப்பின் ரசிகர்களும் கேட்கிறார்கள். காசு வேண்டாம் என்று அவனும் சொல்லவில்லை. கடைப் பெயர் ஊர்ப் பெயரை மறைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பகையாளிக்கும் அதே பெயர்

ஸ்பான்சருக்கும் ஒரு பயம் உண்டு. ஒரு நகரத்தில் இரண்டு பரம்பரைப் பகையாளி கிளப் இருந்தால், ஒன்றின் சட்டையில் பெயர் போட்ட அன்றைக்கே மற்ற பாதி ஊர் அந்தச் சரக்கை வாங்காது. கிளாஸ்கோவில் செல்டிக், ரேஞ்சர்ஸ் இரண்டும் அப்படி. 1984-ல் சி.ஆர்.ஸ்மித் என்ற கண்ணாடி ஜன்னல் நிறுவனம் இரண்டு சட்டையிலும் பெயர் போட்டது. பிறகு வந்த என்டிஎல், கார்லிங், டெனன்ட்ஸ் நிறுவனங்களும் அதே வழியில்தான் போயின.

கல்கத்தாவிலும் இதுவே நடந்தது. 1998-ல் யுனைடெட் புரூவரீஸ் குழுமம் மோகன் பகானிலும் ஈஸ்ட் பெங்காலிலும் ஒரே சமயத்தில் பங்கு வாங்கியது. சட்டையோடு நிற்கவில்லை, கிளப்பின் பெயருக்கு முன்னாலேயே மதுவின் பெயர் வந்தது: மெக்டவல் மோகன் பகான், கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால். 1889-ல் தொடங்கி, 1911-ல் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி ஐஎஃப்ஏ ஷீல்டை வென்ற மோகன் பகானுக்கு அது! 2020-ல் ஏடிகே கிளப்போடு இணைந்து 'ஏடிகே மோகன் பகான்' ஆனபோது ரசிகர்கள் விடாமல் எதிர்த்தார்கள். மைதானத்திலும் தெருவிலும் அவர்கள் கேட்டது அந்த மூன்றெழுத்தை எடுக்க வேண்டும் என்பதைத்தான். 2023 மார்ச்சில், இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையை வென்ற கையோடு, உரிமையாளர் அந்த முன்னொட்டை நீக்குவதாக அறிவித்தார். இப்போது பெயர் மோகன் பகான் சூப்பர் ஜயன்ட். முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனாலும் ரசிகர் குரல் ஒரு முதலாளியின் எழுத்தை அழிக்க வைத்தது என்பது நம் நாட்டுக் கால்பந்தில் சாமானியக் காரியம் இல்லை.

எந்தக் காசு?

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். லோகோ அழகாகவே இருக்கட்டும், நிறமும் பொருந்தட்டும். அந்தக் காசு யார் வயிற்றில் அடித்துச் சம்பாதித்தது என்ற கேள்வி அப்போதும் நிற்கும்.

2013-14 பருவத்திலிருந்து நியூகாஸில் யுனைடெட்டின் சட்டையில் வோங்கா என்ற பெயர் வந்தது. சம்பளம் வரும் வரை தாக்குப்பிடிக்கச் சின்னக் கடன் தரும் நிறுவனம் அது. வருஷக் கணக்கில் பார்த்தால் வட்டி ஐயாயிரம் சதவீதத்தையும் தாண்டும். நியூகாஸில் உழைக்கும் மக்களின் ஊர். நிலக்கரியும் கப்பல் கட்டுவதும் போன பிறகு கஷ்டத்தைப் பார்த்த ஊர். அந்தக் கடனில் சிக்கக்கூடியவர்கள் அதே கிளப்பின் ரசிகர்கள்தான். நகரசபைத் தலைவர்கள் எதிர்த்தார்கள், ரசிகர்களில் ஒரு பகுதி அந்தச் சட்டையை வாங்க மாட்டோம் என்றது. அணியின் முன்கள வீரர் பாபிஸ் சிஸ்ஸே, தன் மார்க்கத்தில் வட்டி கூடாது என்று சொல்லி 2013 ஜூலையில் அந்தச் சட்டையைப் போட மறுத்தார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு சம்மதித்தார்.

இதில் ஒரு முடிச்சும் உண்டு. 2011-ல் கிளப் உரிமையாளர் தன் வியாபாரப் பெயரை மைதானத்துக்கு வைத்து, செயின்ட் ஜேம்ஸ் பார்க் என்ற பழைய பெயரை எடுத்துவிட்டிருந்தார். வோங்கா மைதானத்துப் பெயர் உரிமையையும் சேர்த்து வாங்கி, பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தது. ஊர் மனசைத் தொட அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனாலும் சட்டையில் இருந்த உறுத்தல் போகவில்லை. 2017-ல் ஒப்பந்தம் முடிந்தது, 2018 ஆகஸ்டில் வோங்காவே திவாலானது. அடுத்து வந்தது ஒரு சூதாட்ட நிறுவனம்.

நியூகாஸில் ரசிகர்களின் கொதிப்பை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டது. அதிக வட்டி வசூலைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே இருக்கிறது. அது இருந்தும் இது நடந்தது. மீட்டர் வட்டி, ரன் வட்டி என்ற பெயர்களெல்லாம் நம் தெருவில் புழங்குபவை. அதனால்தான் வட்டித்தொழில் செய்பவர் ஒருவர் ஜெர்சி எடுத்துத் தருகிறேன் என்றபோது எங்கள் பக்கத்து ஊர் அணி ஒன்று வேண்டாம் என்றது. அணித் தலைவனின் அம்மா சொன்னது இதுதான்: "அந்தப் பேரப் போட்டுக்கிட்டு வீட்டு நடைய மிதிச்சிராத மக்கா." அந்த வருஷம் அவர்கள் பழைய ஜெர்சியிலேயே ஆடினார்கள். என்னைக் கேட்டால், அதுதான் சரி.

சூதாட்டமும் இதே வரிசையில் வருவதுதான். 2024-25 பருவத்தில் பிரீமியர் லீக்கின் 20 அணிகளில் 11 அணிகளின் நெஞ்சில் பந்தய நிறுவனத்தின் பெயர் இருந்தது. இவற்றில் பல இங்கிலாந்தில் பெரிதாக வியாபாரமே செய்யாதவை, ஆசியச் சந்தையைக் குறிவைத்தவை. செவர்லே கதைதான் மறுபடியும், ஆனால் இந்தத் தடவை விற்கப்படுவது கார் இல்லை. ஸ்பெயினின் செவில்லா கிளப் வீரர் ஃபிரெடரிக் கனூட்டே 2006-ல் சூதாட்டப் பெயர் போட்ட சட்டையை மறுத்தார், கிளப் அவருக்குப் பெயரில்லாத சட்டை கொடுத்தது. நார்விச் சிட்டி 2021 ஜூனில் பிகே8 என்ற பந்தய நிறுவனத்தை அறிவித்தது. அந்த நிறுவனம் பெண்களைக் காட்சிப்பொருளாக்கிச் செய்த விளம்பரங்களை ரசிகர்கள் தோண்டி எடுத்து வெளியில் போட்டார்கள். சில நாட்களிலேயே ஒப்பந்தம் ரத்து, அந்த இடத்தில் உள்ளூர்க் கார் நிறுவனமான லோட்டஸ் வந்தது. ரசிகர் எதிர்ப்பு இவ்வளவு வேகமாகப் பலித்ததற்கு வேறு உதாரணம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் கதை வேறு மாதிரி. 2019 ஜூலையில் தோளிலிருந்து இடுப்பு வரை பட்டையாக ஒரு பந்தய நிறுவனத்தின் பெயர் போட்ட சட்டையை கிளப் வெளியிட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். அது கவனம் ஈர்க்கச் செய்த வேலை என்று பிறகு சொன்னார்கள். உண்மையான சட்டையில் பெயரே இருக்காது, ரசிகனுக்கே சட்டையைத் திருப்பித் தருகிறோம் என்றது அந்த நிறுவனம். பட்டைச் சட்டையோடு ஒரு பயிற்சி ஆட்டம் ஆடியதற்காக கிளப்புக்கு 50,000 பவுண்டு அபராதம் விழுந்தது. சட்டையை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லியே விளம்பரம் தேடியது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் ரசிகனுக்குக் காலி நெஞ்சு மேல் எவ்வளவு ஆசை என்பதை அவர்கள் சரியாகக் கணக்குப் போட்டிருந்தார்கள்.

பார்சிலோனா இறங்கி வந்த படிகள்

காலி நெஞ்சுக்குப் பேர்போன கிளப் பார்சிலோனா. நூற்றாண்டைத் தாண்டியும் சட்டையில் யார் பெயரும் இல்லாமல் இருந்தது. 2006-ல் முதல் பெயராக ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் வந்தது, அதற்கும் கிளப்தான் ஆண்டுக்கு 15 லட்சம் யூரோ கொடுத்தது. ரசிகர்கள் பெருமையோடு போட்டுக்கொண்டார்கள். 2011-ல் கத்தார் ஃபவுண்டேஷன் வந்தது, அறக்கட்டளை என்பதால் முணுமுணுப்போடு போனது. 2013-ல் அந்த இடத்தில் கத்தார் ஏர்வேஸ். 2017-ல் ஜப்பானிய இணைய வணிக நிறுவனம் ராகுட்டன், 2022-ல் பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபை. தர்மம், தர்மம் போன்ற ஒன்று, பிறகு நேரடி வியாபாரம் என்று படிப்படியாக இறங்கியது. ஒரேயடியாக விமான கம்பெனிப் பெயரைப் போட்டிருந்தால் 2006-ல் ஊர் ஒத்துக்கொண்டிருக்குமா என்பது சந்தேகம்தான். ஸ்பாட்டிஃபை வந்த பிறகு சில ஆட்டங்களில் பாடகர்களின் சின்னத்தைப் போடுகிறார்கள், 2022 அக்டோபரில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக பாடகர் டிரேக்கின் ஆந்தைச் சின்னம் வந்தது. இளைஞர்களுக்கு அது பிடிக்கிறது, சேகரிக்கிறார்கள். பழைய ஆட்களுக்கு வலிக்கிறது. இரண்டுமே உண்மையான உணர்ச்சிதான்.

காலம் போனால் லோகோவே சொத்தாவதும் உண்டு. இன்டர் மிலான் சட்டையில் பிரெல்லி டயர் பெயர் 1995 முதல் 2021 வரை இருந்தது. பிரேசில்காரர் ரொனால்டோ போட்ட சட்டை, மூன்று கோப்பை வென்ற 2010 அணி போட்ட சட்டை எல்லாம் அந்தப் பெயரோடுதான் நினைவில் நிற்கின்றன. பிரெல்லி மிலான் நகரத்து நிறுவனம், அதனால் வெளியாள் என்ற எண்ணமே இல்லை. அது போன பிறகு கிரிப்டோ நிறுவனங்கள் வந்தன. அதில் ஒன்று பேசிய பணத்தைத் தராமல் போனதால் 2023-ல் பருவம் முடிவதற்குள்ளேயே பெயரை எடுக்க வேண்டியதாயிற்று. சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்துக்கு அவசரமாக வேறொரு பெயரைப் போட்டு ஆடினார்கள். ஜெர்மனியின் ஷால்கே கிளப் 2007 முதல் போட்டிருந்த ரஷ்ய எரிவாயு நிறுவனம் காஸ்ப்ரோமின் பெயரை, 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும் எடுத்தது. அந்த இடத்தில் 'ஷால்கே 04' என்று தன் பெயரையே எழுதிக்கொண்டது. நெஞ்சை வாடகைக்கு விடும்போது குடிவருபவரின் கெட்ட காலமும் சேர்ந்தே வரும் என்பதை நிர்வாகங்கள் யோசிக்க வேண்டும்.

புது ஜெர்சி வரும்போது

இனி ஒரு கிளப் ஜெர்சி வெளியாகி, ரசிகர்கள் சண்டை போடுவதைப் பார்த்தால், அது எந்த வகைக் கோபம் என்று பாருங்கள். நிறம், கட்டம், அளவு பற்றியது என்றால் நாலைந்து வெற்றியில் அடங்கிவிடும். பகையாளியின் நிறமோ பெயரோ கலந்திருந்தால் அது அடங்காது, கிளப் மாற்றியாக வேண்டும். காசு வந்த வழி பற்றியது என்றால் ஜெயித்தாலும் அது உள்ளுக்குள் கிடந்து கனன்றுகொண்டே இருக்கும். சின்ன கிளப்களுக்கு ஸ்பான்சர் பணம்தான் ஆட்டக்காரர் சம்பளம், பஸ் வாடகை எல்லாம். அந்தக் கஷ்டத்தைப் பார்க்காமல் திட்டும் ரசிகர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிரீமியர் லீக் கிளப்கள் 2023 ஏப்ரலில் ஒரு முடிவுக்கு வந்தன: 2025-26 பருவத்தோடு ஆட்டச் சட்டையின் முன்பக்கத்தில் சூதாட்டப் பெயர்களை நிறுத்துவது என்று. அதே மாதத்தில்தான் தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. பிரீமியர் லீக்கில் சட்டைக் கைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நெஞ்சிலிருந்து இறங்கும் பெயர் கைக்குப் போகலாம்.

பிள்ளைகளுக்கு ஜெர்சி வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்து கிளப்கள் குழந்தைகள் அளவில் விற்கும் சட்டையில் மது, சூதாட்டப் பெயர்களைப் போடுவதில்லை, அந்த இடத்தைக் காலியாக விடுகிறார்கள், அல்லது வேறு பெயர் போடுகிறார்கள். நம் ஊர் நடைபாதைக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குத் தொங்குபவை பெரியவர்கள் சட்டையைப் பார்த்து அடித்த நகல்கள். எட்டு வயசுப் பிள்ளை அளவிலும் பந்தயக் கம்பெனிப் பெயர் அப்படியே இருக்கும். கடைக்காரருக்கும் அது என்ன பெயர் என்று தெரிந்திருக்காது. பெயரில்லாத அர்ஜென்டினாச் சட்டையும் அதே கயிற்றில்தான் தொங்கும், விலையும் ஏறக்குறைய அதேதான்.